டபக்குவின் எருமையும் வாடகைப் பூனையும்

அந்த அரங்கத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் டபக்கு. மேனேஜருக்கு டபக்கு, டிக்கெட் கிழிக்கிறவருக்கு டபக்கு அக்கா, மேடை கூட்டுகிற அம்மாவுக்கு டபக்கும்மா. பெயர் எப்படி வந்தது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அவளுக்கே ஒரு யூகம் இருந்தது. பூசணிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி உடம்பு. அவள் மாடிப்படி ஏறினால் கீழ்வீட்டுச் சுவரில் கடிகாரம் நின்றுபோகும். நம் நடை டபக் டபக் என்றுதான் கேட்கும் போல, அதனால் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சரிபார்க்க வழியில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்கு அது வெறும் மின்னல்தான்.

காதுதான் போனது, வாய் போகவில்லை. போன காதுக்கும் சேர்த்து வாய் வந்துவிட்டது என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். எதிரே நிற்கிறவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். எதிர்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைச் சாத்த மறந்து புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் போதும், தெருவில் நின்றபடியே ஒரு வார்த்தை சிந்தாமல் ஒப்பிப்பாள்.

வீட்டுக்காரர் அதே அரங்கத்தில் லைட்டுக்காரர். அவர் மேலே கூண்டில் உட்கார்ந்து வெளிச்சம் போடுவார், இவள் கீழே பக்கத் திரைக்குப் பின்னால் நின்று படம் எடுப்பாள். பாட்டு, நாடகம், நாட்டியம், எது நடந்தாலும் அவள்தான். வேறு ஆள் கூப்பிட்டதே இல்லை.

அவள் கேமராவுக்கு எருமை என்று பெயர். கறுப்பு, கனம், எத்தனை அடித்தாலும் தாங்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஆளே ஒரு சாண் குள்ளமாகிவிடுவாள். அந்தப் பழைய மாடலுக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பட்டனை அமுக்கினால் அது மேலே எழும்பி முட்டி, படம் பதிந்ததும் கீழே விழும். அந்த முட்டல் டபக்குவின் விரலுக்கும் கன்னத்து எலும்புக்கும் வந்து சேரும். விழுந்துவிட்டது படம் என்று அவளுக்குச் சேதி சொல்வது அதுதான்.

எப்போதும் இரண்டு படம் எடுப்பாள். அடுத்தடுத்து, தட் தட். முதல் படம் அடையாள அட்டைக்கு ஒட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டாவதில்தான் உயிர் வரும். புருவம் நடுவே லேசாகச் சுருங்கி, உதடு இறுகி, நெஞ்சில் ஏதோ தைத்தது போல ஒரு முகம். அரங்கத்து வாசலில் மாட்டியிருக்கிற பெரிய பெரிய படங்கள் எல்லாம் அந்த இரண்டாவது படங்கள்தான். பார்க்கிறவர்கள் எல்லாம், அடடா, இசையில் எப்படி உருகுகிறார் பார் என்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதுதான் டபக்குவின் முத்திரை. அதற்காகத்தான் அவளுக்கு அந்த வேலை.

ஒருநாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே சவுண்டுக்காரரும் இருந்தார். இரண்டு பேர் முகமும் கடன் வாங்கிய சட்டை மாதிரி பொருந்தாமல் இருந்தது.

"உக்காரும்மா. ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றார் மேனேஜர்.

"சும்மா கூப்பிட்ட மூஞ்சியா சார் இது? யாரு செத்தது, அதை மொதல்ல சொல்லுங்க."

சவுண்டுக்காரர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். போன மாதம் ஒருவர் ஒலிபெருக்கி இல்லாமல் தனியாக வயலின் வாசித்தார். அந்த அரங்கத்தில் முதல்முறையாக ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சி அது. பதிவான சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டினார். சத்தம் பெரிதானால் கோடு மலையாக எழும்புகிறது, சின்னதானால் நூலாகப் படுத்துக்கொள்கிறது. படுத்த நூலின் மேல் அங்கங்கே முள் முளைத்திருந்தது.

"இது அவரு ரொம்ப மெதுவா வாசிக்கிற எடம்" என்று முள்ளைத் தொட்டார் சவுண்டுக்காரர். "இது..." மேனேஜரைப் பார்த்தார்.

"யாரோ இருமியிருக்காங்க" என்றாள் டபக்கு. "அதென்ன ஜோடி ஜோடியா இருக்கு? புருஷனும் பொண்டாட்டியும் சேந்து இருமுறாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். ஒரு முள், ஒட்டினாற்போல இன்னொரு முள். கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி இரண்டு. மடியில் எருமை கனத்தது. பட்டன் மேல் இருந்த விரலை மெதுவாக எடுத்தாள்.

"நானா இது?"

"தப்பா நெனைக்காதீங்க அக்கா" என்றார் சவுண்டுக்காரர். "ஆட்டம் பாட்டம்னா ஒண்ணும் தெரியாது. இந்த மாதிரி தனியா வாசிக்கும்போதுதான். நீங்களும் அமைதியான எடமா பாத்துப் பாத்து எடுக்கறீங்க."

உண்மைதான். வில் மெதுவாகப் போகிறபோதுதான் வாசிக்கிறவர் உடம்பு அடங்கும், முகம் தெளியும். அந்த அமைதியைக் கண்ணாலேயே தேடிக் கண்டுபிடித்து, குறி தவறாமல் அதன் நடு மண்டையில் எருமையைப் போட்டிருக்கிறாள்.

மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே ஒரு கேமரா. எருமையோடு வைத்துப் பார்த்தால் அதன் பேத்தி மாதிரி இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமை மத்தியானம் பியானோ. பதிவு பண்ணி வெளியிடப் போறாங்க. வாசிக்கிற பெரியவரு சும்மாவே சிடுசிடுப்பு. இதை வாடகைக்கு எடுத்திருக்கேன், புது மாடல், மிரர்லெஸ். உள்ள கண்ணாடியே கெடையாது, சத்தமும் கெடையாது. இதுல எடு. படம் உன் பழைய படம் மாதிரி வந்தா இதையே வாங்கிடலாம். வரலேன்னா..."

மீதியைக் குனிந்து மேசையிடம் சொன்னார்.

"மேசைக்குச் சொன்னா எனக்கு எப்படி சார் தெரியும்? தலையத் தூக்கிச் சொல்லுங்க."

மேனேஜர் தலையைத் தூக்கினார். "வரலேன்னா வேற ஆளைப் பாக்கணும்மா. பழசு வேண்டவே வேண்டாம்."

வீட்டுக்குப் போகிறவரை டபக்கு வாய் திறக்கவில்லை. அவள் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்தது அதுவே முதல் தடவை. வீட்டுக்காரர் அடுப்படியில் பழுதான ஒரு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றாள்.

"டபக்குன்னா என்னங்க?"

அவர் விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொல்லப் பிடிக்காத நேரமெல்லாம் அவர் செய்கிற வேலை அது. உதடு தெரியாவிட்டால் பேச்சு முடிந்தது.

"இந்தப் பக்கம் திரும்புங்க. என் நடைக்கு வெச்ச பேருதானே?"

"உன் நடைக்கு டபக்கு எப்படிப் போதும்? அதுக்கு நெலநடுக்கம்னுதான் வைக்கணும்."

வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அவள் அசையாமல் நின்றாள். அவர் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"கேமரா சத்தந்தான்" என்றார்.

"உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து."

"முதுகுல சுண்ணாம்பு ஒட்டியிருந்தா சொல்றீங்க. பல்லுல கீரை இருந்தா சொல்றீங்க. ஊரு ஒலகத்துக்கே கேக்குது, எனக்கு மட்டும் கேக்காது. இதை ஏன் சொல்லல?"

"சொன்னா கேமராவைக் கீழ வெச்சிடுவன்னு பயந்தேன். யாரும் பெருசா ஒண்ணும் சொல்லலையே. பாவம், நல்லா எடுக்குதுன்னு விட்டுட்டாங்க."

"பாவமா?" என்றாள் டபக்கு. "அதை நீங்களும் சொல்றீங்க பாருங்க."

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். தையல்காரி. உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் நான்கு தையல் போட்டு மூடிவிடலாம் என்று நம்புகிறவள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"இதுக்கா அண்ணி இப்படி உக்காந்திருக்கீங்க? குளிருக்கு ஆளுக்குப் போத்துறோம். சத்தத்துக்கு கேமராவுக்குப் போத்திட்டாப் போச்சு."

பழைய மெத்தையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி, இரண்டு போர்வையைக் கிழித்து, எருமைக்கு ஒரு சட்டை தைத்தாள். லென்ஸுக்கு ஒரு ஓட்டை, கண்ணுக்கு ஒரு ஓட்டை, கை நுழைய ஒரு பை. போட்டுப் பார்த்தால் எருமை பிரசவத்துக்குத் தயாரான மாதிரி இருந்தது. டபக்குவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சட்டை போட்டால் எருமையையே வைத்துக்கொள்ளலாம், விரலுக்குச் சேதியும் வரும், படத்தில் உயிரும் வரும்.

நாத்தனார் ஜன்னலோரம் போய் நின்றாள். டபக்கு அமுக்கினாள்.

"கேக்குதா?"

"கொஞ்சூண்டு."

இன்னொரு அடுக்கு பஞ்சு வைத்தார்கள். மறுபடி அமுக்கினாள்.

"இப்ப?"

"சுத்தமா இல்ல அண்ணி. ஈ தும்மினாக்கூட இதைவிட சத்தமா கேக்கும்."

டபக்கு மனம் குளிர்ந்துபோய், பழக்கதோஷத்தில் அவளையே இரண்டு படம் எடுத்தாள். தட் தட். எடுத்ததைத் திரையில் பார்த்தாள். முதல் படத்தில் நாத்தனார் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது படத்தில் புருவம் நடுவே லேசாகச் சுருங்கி, உதடு இறுகி, நெஞ்சில் ஏதோ தைத்தது போல ஒரு முகம்.

டபக்கு சுற்றிப் பார்த்தாள். அங்கே வயலினும் இல்லை, பியானோவும் இல்லை. நாத்தனாருக்கு எதிரே இருந்தது துவைக்காத துணிக் கூடை. துணிக் கூடையைப் பார்த்து யாரும் இப்படி உருகமாட்டார்கள்.

"அங்கியே நில்லு. அசையாத" என்று மறுபடி இரண்டு எடுத்தாள். மறுபடி அதேதான். முதலில் சிரிப்பு, அப்புறம் அந்தச் சுருக்கம். பிறகு வாடகைக் கேமராவை எடுத்து இரண்டு எடுத்தாள்; சத்தமில்லாமல் வேலை பார்க்கிற அதற்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டிலும் நாத்தனார் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"பொய் சொல்றியாடி? சத்தம் கேக்குதுல்ல?"

நாத்தனார் நகத்தைக் கடித்தாள். "கேக்குது அண்ணி. நீங்க சந்தோஷப்பட்டீங்களேன்னு..."

டபக்கு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மாட்டியிருந்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வயலின்காரர், குழல்காரர், தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்ட அந்த அம்மா. முதல் சத்தம் காதில் விழுந்து, சே, யாரது என்று முகம் சுருங்குகிற நொடியில் இரண்டாவது படம்.

"நான் இத்தனை வருஷமா எடுத்தது சங்கீதம் இல்லடி" என்றாள். "என் மேல வந்த எரிச்சல். அதைப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, வாசல்ல வேற மாட்டியிருக்கோம்."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "எரிச்சல்னாலும் எவ்வளவு அழகா எரிஞ்சிருக்காங்க பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டபக்கு பூனையோடு மல்லுக்கட்டினாள். கையில் இருப்பது கேமராவா, சோப்புக் கட்டியா என்றே தெரியவில்லை. அமுக்கினால் முட்டல் இல்லை. படம் எடுத்ததும் உள்ளே ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் மின்னும், அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்ப்பாளா, சதுரத்தைப் பார்ப்பாளா? எடுத்துவிட்டோம் என்று நினைத்தால் எடுத்திருக்காது. எடுக்கவில்லை என்று நினைத்தால் ஒரே ஜன்னலை ஆயிரம் தடவை எடுத்திருக்கும். முகங்களோ எல்லாம் அடையாள அட்டை. வீட்டுக்காரரை எடுத்தாள், காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரி வந்தார்.

பூனையை எடுத்தால் படத்தில் உயிர் இல்லை, வேலை போகும். எருமையை எடுத்தால் பதிவில் முள், அப்போதும் வேலை போகும். அந்த அரங்கம் போனால் அவளுக்கு வேறு அரங்கம் கிடையாது. காது கேட்காதவளை இசைக்குப் படம் எடுக்கக் கூப்பிட எவனுக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை பையில் இரண்டையும் வைத்தாள். சட்டை போட்ட எருமை பைக்கு வெளியே பிதுங்கி நின்றது.

"அது எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"தொணைக்கு."

அவர் கூண்டுக்கு ஏறிப் போய்விட்டார்.

பியானோக்காரர் ஒல்லியாக, கிளை முறிந்த மரம் மாதிரி இருந்தார். முகம் பூட்டிய இரும்புப் பெட்டி. சாவியையும் கிணற்றில் எறிந்துவிட்டார் போல. டபக்கு பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, அவர் கை அடங்குகிற இடமெல்லாம் பூனையை உயர்த்தினாள். வழக்கம்போல இரண்டு அமுக்கு, உடனே இறக்கிவிடுவாள். மறுபடி இரண்டு. பெட்டி திறக்கவே இல்லை. ஒரே முகத்தை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி படம் மேல் படமாகச் சேர்ந்தது.

இடைவேளையில் மேனேஜர் ஓடி வந்து திரையை எட்டிப் பார்த்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேர்த்தது.

"என்னம்மா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கற மாதிரி இருக்காரு. அந்த உருக்கம் எங்க? உன் படத்துல வருமே, அது?"

அது என்ன என்று சொன்னால் மனிதர் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவார்.

"இன்னும் ரெண்டே உருப்படிதான் இருக்கு. பாத்து எடும்மா. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?"

முதல் உருப்படி வேகமானது. பியானோக்காரரின் விரல்கள் எண்ணெய்ச் சட்டியில் விழுந்த மாதிரி துள்ளின. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி உருப்படி தொடங்கியதுமே விரல்கள் மெதுவாகிவிட்டன. ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு அடுத்ததைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தொட்டன.

டபக்கு குனிந்து பையிலிருந்து எருமையை எடுத்தாள்.

ஒரே ஒரு ஜோடிதான். இரண்டே முள். சவுண்டுக்காரரின் காலில் விழுந்து கேட்டால் அழித்துக் கொடுக்கமாட்டாரா? பெரியவர் முகம் சுருங்கும், எரிச்சலோ எதுவோ, மேனேஜருக்கு உருக்கம் கிடைத்துவிடும். வாசலில் இன்னொரு படம். வேலை நிற்கும். கண்ணை ஓட்டையில் வைத்தாள். பஞ்சுப் பைக்குள் விரல் பட்டனைத் தேடிப் பிடித்தது.

எதிர்ப்பக்கத் திரையோரம் சவுண்டுக்காரர் காதில் பெரிய பெரிய கிண்ணங்களை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிற பிள்ளை மாதிரி ஒரு முகம். இப்போது அமுக்கினால் அந்த முகத்துக்கு நடுவில்தான் இடி விழும். அவள் விரல் பாதி அமுங்கி நின்றது. மீதிப் பாதிக்கு ஒரு தும்மல் போதும். அமுக்கு என்றது ஒரு மனம், அமுக்காதே என்றது இன்னொரு மனம். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கண் மட்டும் பியானோக்காரர் முகத்திலேயே கிடந்தது.

இவ்வளவு நேரம் தொடர்ந்து அவள் யார் முகத்தையும் பார்த்ததே இல்லை. எப்போதும் உடம்பு அடங்கியதும் தட் தட், கேமரா கீழே. இப்போது அடங்கி முடிந்து அதற்கும் அப்பால் போய்க்கொண்டிருந்தது.

பெட்டி திறந்தது. முதலில் தாடை தளர்ந்தது. புருவம் சுருங்கவில்லை, மெதுவாக மேலே ஏறியது. வாய் கொஞ்சமாகத் திறந்துகொண்டது, சோறு ஊட்ட வரும் கையைப் பார்க்கிற குழந்தை மாதிரி. அந்த எலும்பு முகத்தில் எங்கிருந்தோ பத்து வயசு குறைந்தது. டபக்கு இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் பார்த்திராத முகம். வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தடவையும் எருமையை விட்டு விரட்டியிருக்கிறாள், அப்புறம் எங்கே பார்ப்பது?

விரலை எடுத்தாள். எருமையைக் கீழே வைக்க வேண்டும். தரையில் வைத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குனிந்து, மூச்சைப் பிடித்து, தன் இரண்டு பாதத்தின் மேலேயே அதை இறக்கினாள். கால்விரல்கள் கதறின. கதறட்டும், கால்விரல் கதறினால் பதிவில் விழாது. பூனையை எடுத்துக் கண்ணில் வைத்தாள். போயிருக்கும் என்று நினைத்தாள். போகவில்லை. அவசரப்படுத்த யாரும் இல்லாததால் அந்த முகம் அங்கேயே இருந்தது.

அமுக்கினாள். விரலுக்கு ஒரு சேதியும் வரவில்லை. சதுரம் மின்னியதா? பார்க்கவில்லை. மறுபடி அமுக்கலாமா என்பதற்குள் அவர் கை கட்டையைவிட்டு எழுந்தது, முகம் பூட்டிக்கொண்டது. எதிரே இருட்டில் நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. டபக்கு காலில் எருமையோடு, எடுத்தோமா இல்லையா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

எடுத்திருந்தாள். ஒன்றே ஒன்று.

மேனேஜர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, வாயப் பொளந்துக்கிட்டு இருக்காரு. இதையா வாசல்ல மாட்டறது?"

சவுண்டுக்காரர் வந்து, "பதிவுல ஒரு பொட்டுகூட இல்ல சார், சுத்தமா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் தலையாட்டினார், ஆனால் கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

"வாய மூடின படம் இருக்கா?"

"மூட்டை மூட்டையா இருக்கு சார்."

முதல் பாதிப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். திரும்ப வந்து இதிலேயே நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"இதுவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "வாடகைக் கடைக்குப் போன் பண்ணி, திருப்பித் தரலேன்னு சொல்லிடறேன்."

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் கூண்டிலிருந்து இறங்கி வந்து ஒயர் சுருட்டினார். டபக்கு நொண்டிக்கொண்டே போய்ப் படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

அவர் பார்த்தார். ஒயரைக் கீழே வைத்தார்.

"மொகம் நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் ஆடியிருக்கு. உனக்குக் கை நடுங்கியிருக்கு."

"நடுங்காம என்ன செய்யும்? அங்க நின்னு பாத்திருந்தா உங்களுக்குக் கட்டடமே நடுங்கியிருக்கும்." அவள் படத்தை இன்னும் கிட்டே நீட்டினாள். "வேற?"

"எருமையை என்ன பண்ணப் போற?"

"அது கல்யாணத்துக்கு வெச்சுக்கறேன். அங்க டபக்குன்னு கேட்டாத்தான் எல்லாரும் எக்கிப் பிடிச்ச வயித்தை விடுறாங்களாமே, உங்க தங்கச்சி சொன்னா. பேச்ச மாத்தாதீங்க. வேற என்ன கொறை?"

"சொன்னா வருத்தப்படுவ."

"படுவேன். சொல்லுங்க."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேடை வெளிச்சம் தன் வாயில் விழுகிற மாதிரி அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"எடது ஓரத்துல திரைக்கம்பி தெரியுது" என்று ஆரம்பித்தார். "அப்புறம் வாசல்ல மாட்டியிருக்கிற படம் ஒண்ணு இருக்கு பாரு, குழல்காரரு. அதுல அவரு காதே காணோம். எனக்கு அப்பவே சொல்லணும்னு இருந்துச்சு."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று டபக்கு மேடைப் படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.